புகையிலையின் தூது

சீனிச்சர்க்கரைப் புலவர் பழநி முருகனிடம் புகையிலையைத் தூது விட்டார். 'புகையிலை விடு தூது' என்னும் அச்சிற்றிலக்கியத்தை வகுப்பில் அறிமுகப்படுத்தும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பர். நாமும் சேர்ந்து சிரித்ததுண்டு. அவர்களுள் சிலரை இன்று ஒரகடம் சாலையோரத் தேநீர்க்கடைகளில், இரவுப்பணி முடிந்த அதிகாலையில், கையில் சிகரெட்டோடு காணும்போது சிரிப்பு வருவதில்லை.

"மனவுறுதி இல்லாதவர்கள்" என்று நாமும் நெடுங்காலம் சொல்லிவந்தோம். தொழிற்சாலை ஒன்றின் முதலுதவி அறையில் செவிலியராக இருக்கும் நண்பரின் மகள்தான் நம்மைத் திருத்தினாள். "தலைவலி, எரிச்சல், எதிலும் மனம் நிற்கவில்லை என்று ஷிப்டு நடுவில் வருவார்கள் மாமா. கடைசி சிகரெட் எப்போது என்றுதான் முதலில் கேட்பேன். சர்க்கரை நோய்க்காரரை யாராவது திட்டுவோமா?"

அவள் சொல்வது அறிவியல். உள்ளிழுத்த நிக்கோட்டின் சில நொடிகளில் மூளையை எட்டுகிறது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகக் குறைகிறது. புகைக்கத் தடையுள்ள வளாகத்துள் எட்டு மணி நேரம் அந்த உடல் எத்தனை முறை கெஞ்சியிருக்கும்! வெளியே வந்ததும் முதல் சிகரெட் தருகிற 'நிம்மதி', அது தானே உண்டாக்கிய தவிப்பின் தணிவன்றி வேறில்லை.

நிற்க. சிகரெட் பெட்டியின் 85 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது 2016 முதல் நடைமுறையில் உள்ள விதி. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளி பெட்டியாகவா வாங்குகிறார்? ஒற்றையாக வாங்குகிறார். எச்சரிக்கைப் படம் கடைக்காரரிடமே தங்கிவிடுகிறது.

விட இயலுமா? இயலும். பிரிட்டிஷ் மருத்துவர்களின் புகைப்பழக்கத்தை 1951 முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வின் ஐம்பதாண்டு முடிவு 2004இல் வெளியானது. 30 வயதில் விட்டவர் ஏறத்தாழ 10 ஆண்டு ஆயுளையும், 50 வயதில் விட்டவர் 6 ஆண்டையும் மீட்டனர். நிக்கோட்டின் மாற்றுச் சிகிச்சை 2009 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளது.

அம்மருந்தும் ஆலோசனையும் முதலுதவி அறையிலேயே கிடைக்கச் செய்வது ஆலைகளுக்குப் பெருஞ்செலவன்று. ஆனால் ஒரு நிபந்தனை: செவிலியரிடம் சொன்னது மேற்பார்வையாளர் காதுக்குப் போகக் கூடாது. "ஒப்புக்கொண்டால் காண்ட்ராக்ட்டைப் புதுப்பிக்க மாட்டார்களோ என்று பயப்படுகிறார்கள் மாமா" என்றாள் அவள்.

அந்த அச்சம் நீங்காத வரை, அறிவுரைப் பலகைகள் சுவருக்கு அழகு சேர்க்கலாம், ஒருவரையும் மீட்கா.