காய்ச்சல்தானே என்று இருந்துவிட்டேன்



சென்ற கார்த்திகையில் அத்தைக்கு (என் மாமியாரைத்தான் சொல்கிறேன்) காய்ச்சல். ராஜகிரி அடிவாரத்துப் புதரில் ஆட்டுக்குத் தழை ஒடித்துவிட்டு வந்தவர். "மழைக்காலக் காய்ச்சல்தானே, கஷாயம் குடிச்சா போயிடும்" என்று நானும் இருந்துவிட்டேன். நாலு நாளாகியும் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் உடம்பு துடைத்துவிடும்போதுதான் அக்குளில் பார்த்தேன். பீடி நெருப்பு சுட்டாற்போல ஒரு கறுப்புப் பொருக்கு! வலியில்லை, அரிப்பில்லை, அவருக்கே தெரியவில்லை.

டாக்டரம்மா அதைப் பார்த்ததுமே உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ் என்றார். புதரிலிருக்கும் பொடி உண்ணிக் குஞ்சு கடித்து வருகிறதாம். டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தார். விலை ஒன்றும் அதிகமில்லை. இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது. "இன்னும் தள்ளிப் போட்டிருந்தா செப்சிஸ் ஆகியிருக்கலாம்மா" என்றார்.

கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, நிலை தவறித் தன் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தானே கெடுத்துக்கொள்வதுதான் செப்சிஸ். காய்ச்சலோடு மூச்சு இரைத்தாலோ, பேச்சு முன்னுக்குப்பின் முரணானாலோ, கைகால் சில்லிட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கஷாயத்தை இறக்கி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பிள்ளை பெற்றவளுக்கும் பச்சைக் குழந்தைக்கும் ஒரு வேளைகூடத் தாமதிக்க வேண்டாம்.

இதைச் சென்னையிலிருக்கும் மகளிடம் போனில் சொன்னபோது, அவள் பெங்களூரு ஷாலினி சரஸ்வதியின் கதையைச் சொன்னாள். 2012-ல் கம்போடியா போய் வந்ததும் காய்ச்சலில் விழுந்தவர். நம் உண்ணிக் காய்ச்சலுக்குப் பங்காளி முறையான ரிக்கெட்சியா கிருமி. வயிற்றிலிருந்த குழந்தை தங்கவில்லை. கைகாலில் ரத்த ஓட்டம் நின்று அழுகி, 2013-ல் இரு கைகளும் இரு கால்களும் போயின. காலை எடுக்கப் போன அன்று நகத்துக்கு ஊதாப் பாலிஷ் போட்டுக்கொண்டு போனாராம்! கேட்டுக்கொண்டே நின்றதில் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

2016-ல் அவர் செயற்கைக் கால்களோடு பெங்களூரில் 10 கிலோமீட்டர் ஓட்டத்தை ஓடி முடித்தார். நம் கணக்குக்கு, செஞ்சியிலிருந்து மேல்மலையனூருக்குப் பாதி வழி.

சென்னையில் ட்ரீம் ரன்னர்ஸ் அரை மாரத்தான் என்று ஒன்று நடத்தி, கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்த நிதி திரட்டி வந்திருக்கிறார்கள். அடுத்த முறை தானும் ஓடப்போவதாக மகள் ஒரே பிடிவாதம். கடுகு டப்பாவில் சேர்த்திருந்த 500 ரூபாயை அவளுக்கு அனுப்பிவிட்டேன். அத்தையும் தன் பங்குக்கு 100 கொடுத்தார்.

அவர் இப்போதும் தழை ஒடிக்கப் போகிறார். என் மகனின் பழைய ஸ்கூல் சாக்ஸை முழங்கால்வரை இழுத்து விட்டுக்கொண்டுதான்! தெருவே பார்த்துச் சிரிக்கிறது.