வைத்தியப் பட்டமும் மீளாத காணியும்

சீகிரியாப் பகுதியில் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் வங்காளதேசத்தில் மருத்துவப் பட்டம் முடித்து ஊர் திரும்பியிருக்கிறார். ஊரே மகிழ்ந்தது. ஆனால் அவருடைய தந்தை ஈடு வைத்த காணி இன்னும் மீளவில்லை.

1945 இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்விதான் என்னை ஆசிரியர் கலாசாலை வரை கொண்டுசென்றது. அரச மருத்துவ பீடங்களிலும் கற்கைக் கட்டணம் இல்லை. ஆனால் இசட் புள்ளியில் மயிரிழையில் தவறிய பிள்ளைகள் பலருக்கு வெளிநாடே வழியாகிறது. அங்கே கட்டணம் டொலரில்.

2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. ஆயிரம் டொலருக்கு இரண்டு இலட்சம் என்று கணக்கிட்ட தந்தை, மூன்றரை இலட்சத்துக்கு மேல் தேட நேர்ந்தது.

பட்டம் கிடைத்ததும் கடன் தீர்வதில்லை. இலங்கை மருத்துவ சபையின் பதிவுக்கான பரீட்சையில் சித்தியடைய வேண்டும். பின்னர் உள்ளகப் பயிற்சிக்குக் காத்திருக்க வேண்டும். அதுவரை வைத்தியர் சம்பளம் இல்லை. வட்டியோ ஒரு நாளும் காத்திருப்பதில்லை.

ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் கடனாளிகளும் உள்ளனர். பாராட்டு விழா எடுக்கும் நம் ஊர்கள், பைத்துல்மால் வழியாக வட்டியில்லாக் கடனும் கொடுக்கலாம். சம்பளம் வந்தபின் அவர் தவணையாகத் திருப்பித் தரட்டும். அதே பணம் அடுத்த பிள்ளைக்கு உதவும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. பெறுபேறு வந்ததும், காணி உறுதியை அடகுக்கு எடுக்குமுன், பெற்றோரோடு அமர்ந்து முழுக் கணக்கையும் பார்ப்போம்.