ஆளுக்கொரு கணினி போதுமா?

பாடசாலைக்குப் புதிய கணினிகள் வரப்போகின்றன என்றால் வீடுகளில் ஒரே சந்தோஷம். "இனி ஆளுக்கொரு கணினி, பிள்ளைகள் எங்கேயோ போய்விடுவார்கள்" என்கிறார்கள். எனக்கும் சந்தோஷம்தான். எங்களில் பலருடைய வீட்டில் இருப்பது ஒரேயொரு கையடக்கத் தொலைபேசி. அது முதலில் வாப்பாவிடம், பிறகு நானாவிடம், மிச்ச நேரத்தில்தான் எங்களிடம். தனக்கென்று ஒரு கணினி முன்னால் ஒரு மாணவி உட்காரும் ஒரே இடம் வகுப்பறைதான். ஆகவே அந்தப் பாடவேளை எப்படிக் கழிகிறது என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது.

தென் அமெரிக்காவில் பெரு நாடு, பிள்ளைக்கொரு மடிக்கணினித் திட்டத்தில் 800,000க்கும் அதிகமான கணினிகளைக் கொடுத்தது. கிராமப்புறப் பாடசாலைகள் 319ஐ ஆராய்ந்து 2012இல் வெளியான அறிக்கை, கணிதத்திலோ மொழியிலோ பிள்ளைகளின் புள்ளிகள் உயர்ந்ததாகத் தெரியவில்லை என்றது. பொதுவான சிந்தனைத் திறனில் மட்டும் சிறிய முன்னேற்றம். கணினி வந்தது, கற்பிக்கும் முறை அப்படியே இருந்தது.

இங்கும் அதைக் காணலாம். முன்பு கரும்பலகையைப் பார்த்துக் கொப்பியில் எழுதினோம். இப்போது திரையைப் பார்த்து எழுதுகிறோம். மின்சாரக் கட்டணம்தான் கூடுகிறது!

நல்ல பாடம் வேறு மாதிரி. பைத்தன் நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண் 1இல் தொடங்குகிறது. அது 10ஐ விடக் குறைவாக இருக்கும்வரை இரட்டிப்பாக வேண்டும். கடைசியில் வரும் எண் என்ன? கெட்டிக்கார ஆசிரியை உடனே கணினியைத் தொட விடமாட்டார். "முதலில் கொப்பியில் விடையை எழுதுங்கள்" என்பார். பலர் 8 என்று எழுதுவார்கள். பிறகு இயக்கிப் பார்த்தால் திரையில் 16. அப்போதுதான் வகுப்பில் "ஏன் டீச்சர்?" என்ற சத்தம் கேட்கும். பாடம் தொடங்குவதே அங்கேதான். கொப்பியில் எழுதாமல் நேரே தட்டியிருந்தால், 16ஐப் பார்த்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்போம். உயர்தரப் பரீட்சையில் நிரலைக் கடதாசியில்தான் எழுத வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இன்னொன்று, ஆசிரியர் நிற்கும் இடம். முன்னால் நின்றால் எங்கள் முகம் தெரியும், பின்னால் நடந்தால் எங்கள் திரை தெரியும். யார் எந்த வரியில் தடுமாறுகிறாள் என்பது திரையில்தான் இருக்கிறது. (யார் வேறு எதையோ பார்க்கிறாள் என்பதும்தான்!) சில வேளைகளில் ஆளுக்கொரு கணினி இருந்தும் இருவரை ஒன்றாக உட்கார வைப்பது நல்லது. ஒருத்தி தட்ட, மற்றவள் காரணம் சொல்ல வேண்டும். வாய்விட்டுச் சொல்லும்போது விளங்காத இடம் தானாக வெளியே வந்துவிடும்.

இப்படிப் பாடம் தயாரிக்க நேரம் வேண்டும், பயிற்சி வேண்டும். பழுதான கணினியைத் திருத்த ஒருவர் வேண்டும், அந்த வேலையும் டீச்சரின் தலையில் விழக் கூடாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் பழைய மாணவியர் சங்கத்திலும் இருக்கும் உம்மாமார், வாப்பாமாரிடம் கேட்கிறேன்: 20 கணினி வாங்கப் பணம் சேர்ந்தால், 18 வாங்குங்கள். மீதியை எங்கள் ஆசிரியைகளின் பயிற்சிக்குக் கொடுங்கள். நாங்கள் நால்வர் இரண்டு கணினியில் சமாளித்துக்கொள்வோம்.