பழைய இரும்பின் லாபம் யாருக்கு?

கள்ளக்குறிச்சி ஆலைத் தோழர்களே! கல்வராயன் மலையிலிருந்து கூலிக்கு இறங்கும் உழைப்பாளிகளே!

பழைய இரும்புக் கடையில் காந்தம் ஒட்டாத எஃகு எதற்காகத் தனிக் குவியலாகிறது? அது நல்ல எவர்சில்வர். நூற்றுக்கு 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். பக்கத்துச் சேலம் உருக்காலை செய்வதும் இந்த ஜாதி எஃகுதான். கழிவை உருக்கினால் இறக்குமதி நிக்கல் மிச்சம்.

கழிவின் அருமை அரசுக்கும் தெரியும். பழைய பாட்டரி, மின்னணுக் கழிவு முதலியவற்றிலிருந்து அரிய உலோகம் மீட்கும் கம்பெனிகளுக்கு 2025 செப்டம்பரில் மத்திய அரசு 1,500 கோடி ரூபாய் ஒதுக்கியது. போட்ட முதலுக்கு மானியம்! கூடுதல் விற்பனைக்கு மானியம்! பிரித்தெடுக்கும் கைக்கு என்ன?

எவர்சில்வரை உருக்கி வெட்டும்போது எழும் குரோமியப் புகை புற்றுநோய் தரும். புகை நமக்கு, நிக்கல் அவர்களுக்கா?

குறைந்தபட்சக் கூலி, இ.எஸ்.ஐ., முகக்கவசம் தராதவனுக்கு மானியம் தராதே! நாம் கேட்பது பிச்சையல்ல, பங்கு!