பாலாற்றங்கரையில் சைக்கிள் பாதை வருமா?

செங்கல்பட்டிலிருந்து காஞ்சீபுரத்துக்குப் போகும் சாலை சுமார் 40 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி பாலாற்றை ஒட்டியே போகிறது. ஏறக்குறைய பாதி வழியில் உள்ள ஊர் பழையசீவரம்.

இந்தச் சாலையில் இரண்டு வகையான சைக்கிள்கள் ஓடுகின்றன.

ஒன்று, விடுமுறை நாளின் விடியற்காலையில் வரும் சைக்கிள். விலை அதிகம். ஓட்டுகிறவர் தலையில் கவசம் இருக்கும். நகரத்திலிருந்து புறப்பட்டு நூறு, இருநூறு கிலோமீட்டர் சுற்றிவிட்டு வீடு திரும்புவார்.

மற்றொன்று, தினமும் ஓடும் சைக்கிள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் மாணவியின் சைக்கிள். கைப்பிடியில் சோற்றுத் தூக்கை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் தொழிலாளியின் சைக்கிள்.

இருவரும் ஒருவரை ஒருவர் அறியமாட்டார்கள். ஆனால் இருவருக்கும் பயம் ஒன்றுதான். பின்னால் வரும் லாரி!

90 மணி நேரம்

தொலைதூரச் சைக்கிள் பயணம் இன்று நேற்று தோன்றியதல்ல. பிரான்சு நாட்டில் பாரிஸ் நகரிலிருந்து பிரெஸ்ட் என்ற கடற்கரை நகருக்குப் போய், மீண்டும் பாரிசுக்குத் திரும்பும் பயணம் 1891-ம் ஆண்டிலேயே நடந்தது. தூரம் 1,200 கிலோமீட்டர். இப்போது 4 ஆண்டுக்கு ஒரு முறை நடக்கிறது. பெரும்பாலோருக்கு 90 மணி நேரம் கெடு. 2023-ம் ஆண்டு நடந்தபோது இந்தியர்களும் அதில் கலந்துகொண்டார்கள்.

இதில் முதல் பரிசு கிடையாது. குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும். இத்தகைய பயணங்களில் மிகச் சிறியது 200 கிலோமீட்டர். அதற்கு 13½ மணி நேரம் தருகிறார்கள். தமிழ்நாட்டிலும் இப்படி ஓட்டுகிறவர்கள் பெருகி வருகிறார்கள்.

இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. மொத்த நீளம் 348 கிலோமீட்டர். தமிழ்நாட்டில் மட்டும் 222 கிலோமீட்டர். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், காஞ்சீபுரம், செங்கல்பட்டு என்று ஊர் ஊராக வந்து வயலூர் அருகே கடலில் கலக்கிறது. அதாவது, தொலைதூரச் சைக்கிள் பயணத்துக்கு அளவெடுத்தது போல ஓர் ஆறு நம்மிடம் இருக்கிறது.

மூன்று ஆறுகள் கூடும் இடம்

அந்த வழியில் பழையசீவரத்துக்குத் தனிச் சிறப்பு உண்டு. அக்கரையில் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் அங்கே கூடுகின்றன. இக்கரையில் மலைமேல் லட்சுமி நரசிம்மர் கோவில்.

திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோவிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கே 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை நடந்ததை அது சொல்கிறது. மருத்துவர், பணிப்பெண்கள், மருந்து வகைகள் என்று எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு உண்டு! தெற்கே போனால் உத்திரமேரூர். குடவோலைத் தேர்தல் முறையைக் கூறும் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு அங்கே உள்ளது.

ஆண்டுதோறும் மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்குப் பழையசீவரம் வருகிறார். அக்கரையில் திருமுக்கூடலிலும் எழுந்தருளுகிறார். வழிநெடுக ஊர் மக்கள் காத்திருந்து வணங்குகிறார்கள். ஆற்றங்கரைப் பயணம் இந்த மண்ணுக்குப் புதிது அல்ல.

சாலை அகலமானால் போதாதா?

"சாலையைத்தான் அகலப்படுத்துகிறார்களே, தனிப் பாதை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம்.

சென்னை-கன்னியாகுமரி தொழில் தடத் திட்டத்தில் இந்தச் சாலையை நான்கு வழிச் சாலையாக்கும் வேலை எடுத்துக்கொள்ளப்பட்டது. தொழிற்சாலைகள் பெருகிய பகுதிக்கு அது தேவைதான். ஆனால் சாலை அகலமானால் வண்டிகளின் வேகமும் கூடும். சைக்கிள்காரரின் வேகம் கூடாது. மணிக்கு 15 கிலோமீட்டர் போகிறவரும், 80 கிலோமீட்டர் போகிறவரும் ஒரே தடத்தில் போனால் என்ன ஆகும்?

திருமுக்கூடல் பக்கம் கல் குவாரிகள் உள்ளன. அங்கிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் ஆற்றுப் பாலத்தைக் கடந்து வருகின்றன. அதே பாலத்தில்தான் சைக்கிளும் போக வேண்டும்.

2022-ம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். அவர்களில் சைக்கிளில் சென்றவர்கள் மட்டும் 4 ஆயிரத்துக்கு மேல். சைக்கிள் மோதி யாரும் சாவது அபூர்வம். சைக்கிளில் போகிறவர்தான் சாகிறார்!

கொரியாவில் எப்படி?

தென்கொரியா நாட்டில் ஆற்றங்கரைகளிலேயே சைக்கிள் பாதை போட்டார்கள். இஞ்சியோன் நகரிலிருந்து பூசான் வரை 633 கிலோமீட்டர். 2012-ம் ஆண்டு அது திறக்கப்பட்டது. வழியில் ஆங்காங்கே சிவப்புக் கூண்டுகள் உண்டு. பயணம் செய்கிறவர்கள் அங்கே நின்று, கையேட்டில் தாங்களே முத்திரை குத்திக்கொள்வார்கள். எல்லா முத்திரைகளும் சேர்ந்தால் சான்றிதழ் கிடைக்கும்.

குறையும் சொல்லத்தான் வேண்டும். அந்தத் திட்டத்தில் ஆறுகளின் குறுக்கே கட்டிய அணைகளால் தண்ணீர் கெட்டது என்று அந்த நாட்டிலேயே பலர் வாதாடுகிறார்கள். பாதை போடுகிறோம் என்று ஆற்றைக் கெடுத்துவிடக்கூடாது. இது முதல் பாடம்.

எட்டாவாவில் நடந்தது என்ன?

இரண்டாவது பாடம் நம் நாட்டிலேயே இருக்கிறது.

உத்தரப்பிரதேசத்தில் எட்டாவா நகரிலிருந்து ஆக்ரா வரை 207 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை போட்டார்கள். 2016 நவம்பரில் திறப்பு விழா நடந்தது. கிராமங்கள், பழைய கோட்டை, யமுனைக் கரையில் உள்ள பட்டேசுவரம் கோவில்கள் என்று வழி முழுவதும் பார்க்க வேண்டிய இடங்கள். வெளிநாட்டார் வருவார்கள் என்று பெருமையாகப் பேசினார்கள்.

சில ஆண்டுகளில் பல இடங்களில் பாதை உடைந்தது. ஆக்கிரமிப்புகளும் முளைத்தன.

இதிலிருந்து தெரிவது என்ன? திறப்பு விழா ஒரு நாள் வேலை. பராமரிப்பு தினமும் செய்ய வேண்டிய வேலை. ஊரார் தினமும் பயன்படுத்தும் பாதையில் ஒரு கல் பெயர்ந்தாலும் மறுநாளே புகார் போகும். எப்போதோ வருகிற பயணியை மட்டும் நம்பிப் போட்ட பாதை கெட்டால் கேட்பதற்கு ஆள் இருக்காது.

முதல் உரிமை யாருக்கு?

ஆகவே, பாலாற்றங்கரைப் பாதையை முதலில் உள்ளூர்க்காரர்களுக்காகவே போட வேண்டும்.

தமிழ்நாட்டில் மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுக்கும் திட்டம் 2001-ல் தொடங்கியது. பிறகு மாணவர்களுக்கும் கிடைத்தது. அரசாங்கம் சைக்கிள் கொடுத்துவிட்டது. அதில் பயமில்லாமல் போவதற்குப் பாதை வேண்டாமா?

சைக்கிளின் பெருமையைப் புதுக்கோட்டைப் பெண்களிடம் கேட்க வேண்டும். 1991 முதல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்துடன் சைக்கிளையும் சேர்த்தே கற்றுக் கொடுத்தது. ஒரு லட்சம் பெண்கள் சைக்கிள் கற்றதாக மதிப்பிட்டார்கள். தண்ணீர் எடுக்கவும், விளைந்த பொருளை விற்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் யாரையும் எதிர்பார்க்காமல் புறப்பட்டார்கள்.

சிறிதாகத் தொடங்கலாம்

222 கிலோமீட்டரையும் ஒரே நாளில் போட வேண்டியதில்லை. பழையசீவரத்திலிருந்து வாலாஜாபாத் வரை முதலில் போடலாம். சைக்கிளில் அரை மணி நேரப் பயணம்தான். மாணவர்களும் தொழிலாளர்களும் தினமும் போகும் வழி. அது நன்றாக நடந்தால் இரு புறமும் நீட்டலாம்.

சைக்கிள் தடத்துக்கும் லாரித் தடத்துக்கும் இடையே தடுப்பு வேண்டும். வெறும் வெள்ளைக் கோடு லாரியை நிறுத்தாது. பாலத்திலும் சைக்கிளுக்கு இடம் ஒதுக்க வேண்டும். ரெயில் நிலையம் பழையசீவரத்திலேயே இருக்கிறது. அங்கே சைக்கிள் நிறுத்த நிழல் வேண்டும்.

ஆற்றின் குணத்தையும் மறக்கக்கூடாது. பல மாதங்கள் மணலாகக் கிடக்கும் பாலாறு 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடியது. வாலாஜாபாத்-அவளூர் தரைப்பாலம் சேதமடைந்தது. எனவே பாதை ஆற்றுக்குள் இறங்காமல், உயர்ந்த கரையில் போக வேண்டும். இரு ஓரமும் மரம் நட்டால் கரைக்கும் காவல், போகிறவருக்கும் நிழல்.

சாலை வேலையின்போதே இதையும் சேர்த்துக்கொண்டால் செலவு குறைவு. வீடுகளும் கடைகளும் நெருங்கிய பிறகு நிலம் கிடைப்பது கடினம். திட்டம் தீட்டுகிறவர்கள் காலை எட்டரை மணிக்கு ஒரு முறை இந்தச் சாலையோரத்தில் நின்று, பள்ளிக்கூடம் போகும் சைக்கிள்களை எண்ணிப் பார்க்கட்டும். பாதை எத்தனை அகலம் வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும்.