அந்தக் கையெழுத்தை நான் போடவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நம்ம ஊர்த் தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்தான். இங்கே நாக்பூரில் ஐ.டி. வேலை, சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். கையில் ஒரு பேப்பர். "அண்ணாச்சி, ஒரே ஒரு சாட்சிக் கையெழுத்து. பேங்க் ஆபீசர்னா ஒரு வெயிட்டு."

விஷயம் இதுதான். அமெரிக்காவில் அயர்ன் பட் அசோசியேஷன் என்று ஒன்று இருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது நம் கணக்கில் சுமார் 1,610 கிலோமீட்டர், பைக்கில் ஓட்டி ஆதாரம் காட்டினால் 'சாடில்சோர் 1000' என்று சான்றிதழ் தருவார்கள். தம்பி பொங்கலுக்கு ஊருக்குப் போகிறான். நாக்பூரிலிருந்து நெல்லை வரை ஒரே ரோடு, தேசிய நெடுஞ்சாலை 44. தூரமும் 1,610-க்குக் கொஞ்சம் மேலே. "ஊருக்குப் போன மாதிரியும் ஆச்சு, சான்றிதழும் ஆச்சு."

நான் கையெழுத்துப் போடவில்லை. கோபித்துக்கொண்டு இட்லி கூடச் சாப்பிடாமல் போய்விட்டான். அவனுக்காகவும், அவனைப் போலவே பிளான் போட்டுக்கொண்டிருக்கும் மற்ற தம்பிகளுக்காகவும், அவர்களைப் பெற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. பி.காம். படித்தவன், இது இல்லாமல் எனக்குப் பேச வராது.

1,610-ஐ 24-ஆல் வகுத்தால் 67. "அவ்வளவுதானே" என்று தோன்றும். எல்லோரும் விழுவது இங்கேதான். பெட்ரோலுக்கு ஆறு நிறுத்தம், ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம். சாப்பாடு, டீ, பாத்ரூம் எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். ஆக மூன்று மணி நேரம் போச்சு. ஹைதராபாத் அவுட்டர் ரிங் ரோட்டில் பைக்குக்கு அனுமதி கிடையாது. சர்வீஸ் ரோட்டிலோ ஊருக்குள்ளோ தான் போக வேண்டும். பெங்களூரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரண்டு ஊரையும் கடக்க 100 கிலோமீட்டர், மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (இதுவே தாராளம்). மீதி 1,510 கிலோமீட்டர், 18 மணி நேரம். சராசரி 84!

2018-ல் மத்திய அரசு அறிவித்தபடி நாலு வழிச்சாலையில் பைக்குக்கு உச்ச வேகமே 80. சராசரி 84 வேண்டுமென்றால் பாதி நேரம் 100-க்கு மேலே ஓட்ட வேண்டும். எதிரே ராங் சைடில் டிராக்டர் வருகிற ரோட்டில். "சட்டத்தை மீறிப் போவேன்" என்று எழுதிய பேப்பரில் எப்படி ஐயா சாட்சிக் கையெழுத்துப் போடுவது?

அந்த அசோசியேஷனை நான் குறை சொல்லவில்லை. ஆதாரம் கேட்கிற விதத்தில் நம்ம ஆடிட்டர்களே தோற்றுப் போவார்கள். தேதி, நேரம், இடம் போட்ட ரசீது ஒவ்வொரு நிறுத்தத்திலும் வேண்டும். பாதை திரும்புகிற மூலையில் ரசீது இல்லையென்றால் குறுக்கு வழியில் போனதாகத்தான் கணக்கு. நம்ம ஊரில் பைக்குக்கு டோல் கிடையாது, அதனால் டோல் ரசீதும் கிடையாது. பங்க் பில்லில் கடிகாரம் தப்பாக ஓடும். ஏ.டி.எம். சீட்டுதான் கதி. நேர்க்கோட்டில் போகிற 44-ஐத் தம்பி தேர்ந்தெடுத்ததன் ரகசியம் இதுதான்: மூலையே இல்லாத பாதை, வவுச்சர் சுலபம். காகிதத்துக்கு நல்ல பாதைதான். ஆளுக்கு?

இப்போது என் கதை. 2017 தீபாவளி. சான்றிதழ் எல்லாம் இல்லை, வெறும் வீம்பு. விடிகாலையில் நாக்பூரில் கிளம்பினேன். அம்மாவிடம் போனில், "நாளைக்கு விடியறதுக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிவிட்டேன். ஓசூர் வரும்போதே கண் எரிந்தது. நிறுத்தியிருக்கலாம். சொல்லியாச்சே! நள்ளிரவு தாண்டி, தருமபுரிக்கு அப்புறம் தொப்பூர் இறக்கம். திடீரென்று காதுக்குப் பக்கத்தில் லாரி ஹாரன். அதற்கு முந்தைய மூன்று நாலு கிலோமீட்டர் எப்படி ஓட்டினேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. கை நடுங்க ஒரு டீக்கடை பெஞ்சில் விடியும்வரை படுத்துக் கிடந்தேன். போனில் சார்ஜ் இல்லை.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்குப் போனால் அம்மா திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாள். ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. எத்தனை மணி நேரத்தில் வந்தேன் என்று கேட்கவில்லை. "ரயில்ல வந்தா குறைஞ்சா போயிருவ?" என்றாள். அவ்வளவுதான்.

நான் சொல்ல வருவது இதுதான். வீடு பாதையின் கடைசியில் இருந்தால், நடுவில் நிறுத்தவே மனசு வராது. கிளம்பின இடத்துக்கே திரும்புகிற பாதை என்றால், கண் சொக்கும்போது "போதும்டா" என்று லாட்ஜில் படுத்துவிடலாம். நஷ்டம் ஒரு காகிதம். ஊருக்குப் போகிற பாதையில் அம்மா காத்திருக்கிறாள், பொங்கப்பானை காத்திருக்கிறது. அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினாலும் கடைசி 160 கிலோமீட்டர், மதுரைக்குக் கீழே, உடம்பு தூக்கத்துக்குக் கெஞ்சுகிற ராத்திரி இரண்டு மூன்று மணிக்குத்தான் வரும்.

"அமெரிக்காக்காரன் ஓட்டுறானே" என்பீர்கள். அவன் இன்டர்ஸ்டேட்டில் குறுக்கே எருமை வராது. "உங்களுக்கு வயசாயிடுச்சு அண்ணாச்சி" என்பீர்கள். ஆமாம், ஆகியிருக்கிறது. தொப்பூரில் அந்த லாரிக்காரர் ஹாரன் அடித்ததால் ஆகியிருக்கிறது.

தம்பி, பாதையை இப்படிப் போடு. முதல் நாள் நாக்பூர் – கர்னூல், சுமார் 715 கிலோமீட்டர், இருட்டுவதற்குள் ரூம். இரண்டாம் நாள் சேலம். மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாடு வீட்டில். லீவு ஒரு நாள் கூடுதலாகும், ஆகட்டும். வீட்டில் நேரம் சொல்லாதே, நாளை மட்டும் சொல். அதற்குச் சாட்சி வேண்டுமென்றால் நூறு கையெழுத்துப் போடுகிறேன், ஆபீஸ் ஸீலோடு :-)

பி.கு.: இட்லி மிச்சம் இருக்கிறது. கோபம் தீர்ந்தால் வா.