முதலில் பிரேக், அப்புறம் பெயிண்ட்!

அப்பா பால்மரம் வெட்டப் போய்வந்த ஹோண்டா சி70 லயத்துப் பின்புறம் துருப்பிடித்துக் கிடக்கிறதா? பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிடாதீர்கள் என்கிறோம். புது வண்டி என்றால் மாதாமாதம் தவணையல்லவா!

நம் பிள்ளைகள் கையில் நாலு வெள்ளி கிடைத்ததும் பெயிண்டு அடிக்க ஓடுகிறார்கள். செம்மண் மேட்டிலிருந்து இறங்கும்போது பெயிண்டா வண்டியை நிறுத்தும்?

முதல் சம்பளத்தில் பிரேக் ஷூ, கேபிள், டயர். அடுத்ததில் செயின். பல் தேய்ந்த சக்கரங்களை அப்படியே விட்டால் புதுச் செயினும் சீக்கிரம் போய்விடும். மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். இஞ்சினைப் பிரிக்க அவசரம் வேண்டாம். பழைய பெட்ரோலைக் கொட்டி, கார்பரேட்டரைக் கழுவி, பிளக்கையும் எண்ணெயையும் மாற்றி உதைத்துப் பாருங்க. லேசில் சாகிற வண்டியா அது?

சாலை வரி, காப்புறுதி? "தோட்டத்துக்குள்ளேதானே ஓட்டுறோம்" என்பார்கள். ராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பட்டணத்துக்கு எதில் போவதாம்?